சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ: இருவர், ஒரு கேமரா, ஒன்றரை நாள்

மலேசியாவின் பேராக் மாநிலத் தலைநகரான ஈப்போவுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் வரைபடத்தைத் திறந்து, எது எதற்குப் பக்கம் என்று பார்த்து வரிசை போடுகிறார்கள். ரயில் நிலையமும் நகர மண்டபமும் எதிரெதிரே இருக்கின்றன, அதனால் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் தவறு. நிலையத்தின் முகம் கிழக்கே, மண்டபத்தின் முகம் மேற்கே. எந்த நேரத்தில் போனாலும் ஒன்றில் வெயில் இருக்கும், மற்றது நிழலில் கிடக்கும். இடங்களை வெளிச்சத்தின் கணக்குப்படி அடுக்கினால் சனிக்கிழமை காலை சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பி ஞாயிறு மதியத்துக்குள் வீடு திரும்பலாம். எடுக்கிற படத்தில் பாதிக்கு மேல் தேறும்.

முதலில் கடிகாரம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. சூரியன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஈப்போவில் உச்சிவெயில் 12 மணிக்கு வராது, சராசரியாக 1.15க்குத்தான் வரும். சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7க்கும் 7.30க்கும் நடுவில். இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் ‘மாலை 4 மணி பொன்வெயில்’ இங்கே செல்லாது. நம் 4 மணி, வெயில் இன்னும் மண்டையைப் பிளக்கிற நேரம்.

அடுத்தது மலை. நகருக்குக் கிழக்கே சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றுக்குப் பின்னால் தித்திவாங்சா தொடர். மேற்கே கிளேடாங் மலை. உதயம் 7.15 என்று செயலி சொன்னாலும் நிலையத்தின் சுவரில் வெயில் விழ இன்னும் 20 நிமிடம் பிடிக்கும். மாலையிலும் அப்படித்தான். மறைவு 7.20 என்றால் கிளேடாங்குக்குப் பின்னால் சூரியன் கால் மணி நேரத்துக்கு மேல் முன்பே போய்விடும். காலையில் அவசரப்பட வேண்டாம், மாலையில் தாமதிக்க வேண்டாம். இந்த ஒன்றரை நாளுக்கும் இதுதான் கணக்கு.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஓர் ஒத்திகை அவசியம். அதற்கு ஈப்போ வேண்டாம், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் மிச்சம் இருக்கிற ரப்பர் நிரை போதும். தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, செம்மண் பாதையில் ட்ரைபாடை நிறுத்தி, இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தை அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லை, வேடிக்கை பார்க்க மாடு மட்டும். ஆனால் ரப்பர் இலைக்கூரையின் கீழ் வெளிச்சம் பச்சையாக இறங்கும். தானியங்கி வெண்சமநிலையில் (ஒயிட் பேலன்ஸ்) எடுத்தால் முகம் காமாலை கண்டதுபோல் வரும். ‘நிழல்’ அமைப்புக்கு மாற்றி, பச்சைக்கும் கருஞ்சிவப்புக்குமான சரிகட்டலைக் கருஞ்சிவப்புப் பக்கம் இரண்டு படி தள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது இந்தத் தொல்லை இருக்காது. வெறுங்கிளைகளுக்கு இடையே வெளிச்சம் சலித்த மாவு மாதிரி இறங்கும்.

ஒத்திகையில் பிடிபட வேண்டிய பெரிய பிழை டைமர். 10 விநாடி டைமரை அழுத்தும்போதே பல கேமராக்கள் ஃபோகஸ் செய்துவிடும். அந்த நேரத்தில் படச் சட்டத்துக்குள் யாரும் இல்லை, அதனால் பின்னால் இருக்கும் சுவர்தான் கூர்மையாகும். நீங்கள் இருவரும் மங்கலாக வருவீர்கள், சின்னத் திரையில் அது தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிதாக்கும்போதுதான் வயிறு எரியும். செய்ய வேண்டியது இது. ஒருவர் போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும். மற்றவர் அவர் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து, கைமுறை ஃபோகஸுக்கு மாற்றி, அதன்பின் டைமரை அழுத்திவிட்டு நடக்கட்டும். ஓடக் கூடாது, ஓடி வந்து நிற்பவரின் முகத்தில் மூச்சு வாங்குவது படத்தில் தெரியும். டைமரை மூன்று படம் தொடர்ந்து எடுக்கும்படி வைத்தால் ஒன்றிலாவது இருவர் கண்ணும் திறந்திருக்கும். லென்ஸ் துளை எஃப் 5.6, கேமராவிலிருந்து மூன்று மீட்டர், முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 35 மில்லி லென்ஸ், சின்ன சென்சார் கேமராவில் 24 மில்லி. இந்த அளவில் ஒருவர் அரை அடி முன்னே பின்னே நின்றாலும் தெளிவு போகாது.

இனி சனிக்கிழமை. பசியாறிவிட்டு 7.45க்குக் கிளம்பினால் போதும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நெடுஞ்சாலையைத் தேடிப் போக வேண்டியதில்லை, செமோர் வழியாகப் பழைய சாலையே நேராகக் கொண்டுபோய்விடும். ரயிலும் இருக்கிறது, நிலையத்தில் இறங்கினால் படம் எடுக்க வேண்டிய கட்டடத்துக்குள்ளேயே இறங்குகிறீர்கள். ஆனால் குகைக் கோயிலுக்கும் பத்து காஜா ஊருக்கும் பிறகு வாடகைக் கார் பிடிக்க வேண்டிவரும். இந்தத் திட்டத்துக்குச் சொந்தக் கார் நல்லது.

ஈப்போவுக்குள் நுழையும் முன்னரே, கோலகங்சார் சாலையில், நகருக்கு 6 கிலோமீட்டர் வடக்கே பேராக் தோங் குகைக் கோயில். 1926இல் தொடங்கப்பட்ட சீன பௌத்தக் கோயில். சுண்ணாம்புக் குகைக்குள் பெரிய புத்தர், சுவரெங்கும் ஓவியம். சுற்றுலாப் பேருந்துகள் வரும் முன் 8.30க்கு உள்ளே போய்விட வேண்டும்.

காரிலிருந்து இறங்கி ஐந்து நிமிடத்தில் ‘லென்ஸ் புகையடிக்குது’ என்று துடைக்க ஆரம்பிப்பார்கள். ஏர்கண்டிஷனில் அரை மணி நேரம் குளிர்ந்த கண்ணாடிமேல் நம் ஈரக்காற்று பட்டால் வேர்க்கத்தான் செய்யும். துடைத்தால் மறுபடி வேர்க்கும், லென்ஸில் கோடும் விழும். செமோர் தாண்டியதும் ஏர்கண்டிஷனை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கேமராப் பை மூடியபடியே பின் இருக்கையில் இருக்கட்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் உலோகம் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். இரவு ஹோட்டல் அறையில் தங்கும்போதும் இதே கதைதான். காலை கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையை ஏர்கண்டிஷன் படாத இடத்துக்கு மாற்றி வையுங்கள், குளியலறைக்குள் மட்டும் வேண்டாம்.

குகைக்குள் அடுத்த வில்லங்கம் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், குழல்விளக்கும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/250க்கு வைத்தால் ஒரு படம் மஞ்சள், ஒரு படம் கறுப்பு, சத்தமில்லா மின்னணு ஷட்டரில் படத்தின் குறுக்கே வரிவரியாகப் பட்டை. 1/100 அல்லது 1/50இல் வையுங்கள், பட்டை போய்விடும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 முதல் 3200, துளை எஃப் 2.8 அல்லது 4. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அது கும்பிடுகிறவர்களுக்கு இடைஞ்சல், ஊதுபத்திப் புகையில் பட்டுப் படம் முழுக்க வெள்ளைத் திரையும் விழும். அந்தப் புகையே வாசல் பக்கமிருந்து வரும் வெயிலில் நல்ல பொருள். அதற்கு நீங்கள் உள்ளே நின்று வாசலை நோக்க வேண்டும். ட்ரைபாட் விரிப்பதற்கு முன் அங்கே இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

குகைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான படிகள் மேலே போகின்றன. ஈரமான நாளில் வழுக்கும். உச்சியில் கிந்தா பள்ளத்தாக்கு தெரியும், குன்றுகளோடு தொழிற்சாலைக் கூரைகளும் சேர்ந்தே தெரியும். முழங்கால் வலி உள்ளவர் ஏறாமல் கீழேயே இருந்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

10.30க்கு குனோங் செரோ. குன்றின் அடியில் நம் கல்லுமலை சுப்ரமணியர் கோயில். ஈப்போவின் புந்தோங் பகுதி மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் தைப்பூச ஊர்வலம் வந்து சேரும் இடம் இதுதான். தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் அதற்கென்று தனியாகப் போகட்டும். அந்தக் கூட்டத்தில் ட்ரைபாடும் இல்லை, பொறுமையும் இல்லை. சாதாரண சனிக்கிழமையில் நடை சாத்துமுன் போய் முதலில் சாமி கும்பிட்டுவிட்டுப் பிறகு கேமராவை எடுப்பதுதான் முறை. மூலவரை எடுக்கக் கூடாது, கேட்கவும் கூடாது. கோபுரத்தையும் அதன் பின்னால் எழும் சுண்ணாம்புப் பாறையையும் ஒரே சட்டத்தில் கொண்டுவர, கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் பின்னால் போய் நில்லுங்கள். பாறையின் அடியை ஒட்டி நிற்காதீர்கள். 1973 அக்டோபரில் இந்தக் குன்றிலிருந்து பெரும்பாறை சரிந்து, கீழே இருந்த வீடுகளில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். பாறைக்கு அடியில் ‘போஸ்’ வேண்டாம்.

11.30லிருந்து 4.30 வரை வெளியே நல்ல படம் கிடையாது. இந்த நேரத்தில் சாப்பாடு, பழைய நகரின் சந்துகள், உறக்கம். ‘இரண்டாந்தாரச் சந்து’ என்று பெயர் வாங்கிய லோரோங் பங்ளிமா ஒல்லியானது, உச்சிப் பொழுதில்தான் தரைவரை வெளிச்சம் விழும். ஆனால் வார இறுதியில் ஐஸ்காரர்களும் காற்றாடி விற்பவர்களும் நிறைந்து, படத்தில் மற்றவர்களின் முதுகு மட்டும்தான் வரும். கால் மணி நேரம் போதும். வெள்ளைக் காப்பி குடிக்க இது சரியான பொழுது. அது பால் கூடினதால் வெள்ளை இல்லை. மற்ற கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் சேர்த்து வறுப்பதால் அது கறுப்பாகிறது. ஈப்போவில் மார்ஜரின் மட்டும் போட்டு வறுப்பதால் கொட்டை அவ்வளவு கறுப்பதில்லை. கோப்பியைப் படம் எடுக்க விரும்பினால் ஐந்தடிப் பாதைப் (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) பக்கம் மேசை பிடியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் நுரை தெரியும். கூரை விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்று மணியை ஒட்டி இடிமழை வரலாம். அக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் வரும். மழை விட்டதும் பதுங்காமல் வெளியே வாருங்கள், ஈரத் தரையில் கட்டடம் தலைகீழாக நிற்கும். கேமராவைத் தரையிலிருந்து ஒரு கைப்பிடி உயரத்துக்கு இறக்கினால், ஒரு தட்டு அகலத் தேங்கல்கூடக் குளம் மாதிரி விரியும். ஐந்தடிப் பாதையின் ஓடு பதித்த தரை மட்டும் எண்ணெய் தடவினதுபோல் இருக்கும், பார்த்து நடங்கள்.

5.45க்கு நகர மண்டபத்தின் முன் இருக்க வேண்டும். 6 முதல் 6.45 வரை வெள்ளைத் தூண்கள் வெண்ணெய் நிறத்துக்கு வரும். இங்கே இருவர் படம் எடுக்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டத்தில் முக்கால் பங்கு வெள்ளைச் சுவர் என்றால் ‘அதிக வெளிச்சம்’ என்று முடிவு செய்து மொத்தத்தையும் இருட்டாக்கும். சுவர் அழுக்குச் சாம்பலாகும், நம் முகம் அடுப்புக்கரியாகும். உடனே ‘நான் கறுப்பு, எனக்குப் படம் சரியா வராது’ என்று ஒருவர் சலித்துக்கொள்வார். குறை தோலில் இல்லை, அளவில் இருக்கிறது. புள்ளி அளவீட்டுக்கு (ஸ்பாட் மீட்டரிங்) மாற்றி முகத்தில் அளவெடுங்கள். இல்லையென்றால் மொத்த அளவீட்டிலேயே வெளிச்சச் சரிகட்டலை கூட்டல் 2/3 முதல் கூட்டல் 1 வரை ஏற்றுங்கள். சுவரின் ஒரு மூலை வெளுத்துப்போனால் போகட்டும். ரா (பதப்படுத்தாத) கோப்பில் எடுத்தால் அதையும் பெரும்பாலும் மீட்கலாம். கைப்பேசியில் என்றால் முகத்தைத் தொட்டுப் பிடித்துச் சூரியக் குறியை மேலே இழுங்கள், ‘அழகு’ வடிகட்டியை அணைத்துவிடுங்கள். அது தோலை வெளுக்கிறது, கூடவே மூக்குத்தியையும் அழித்துவிடுகிறது.

சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னே வந்து நில்லுங்கள். ஒட்டி நின்றால் அடையாள அட்டைப் படம்தான். உடைக்கு மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு, மயில் நீலம் எதுவானாலும் வெள்ளைக் கட்டடம் தாங்கும். இருவரும் ஒரே நிறத்தில் போட்டால் கல்யாண மண்டப வரவேற்பாளர்கள்போல் இருக்கும், அது என் அபிப்பிராயம்.

வெயில் போனதும் மண்டபத்தின் பின்புறம் பர்ச் நினைவு மணிக்கூண்டு. 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் (சுல்தானுக்கு ஆலோசகராக வைக்கப்பட்ட அதிகாரி) ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்சுக்காக 1909இல் எழுப்பியது. சுற்றுப்பட்டைகளில் உலக நாகரிகத்தின் வரலாற்று மாந்தர் 44 பேர். அதில் நபிகளாரைக் குறித்த உருவம் பின்னாளில் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. பட்டைகளை எடுக்க 85 மில்லிக்கு மேல் உள்ள லென்ஸ் வேண்டும், பக்கவாட்டு வெளிச்சம் இருந்தால்தான் உருவங்கள் திரளும். ஆகவே ஆர்வமுள்ளவர் மறுநாள் காலை 9 மணி அளவில் திரும்ப வரட்டும்.

நம் ஊரில் அந்தி நீளாது. சூரியன் மறைந்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் நீலம் கறுப்பாகிவிடும். ஒரே ஓர் இடத்தைத்தான் எடுக்க முடியும். ரயில் நிலையமா, ஈப்போ பாடாங் திடலா என்று முன்பே முடிவு செய்யுங்கள், நடுவில் ஓடாதீர்கள். விளக்கேற்றிய நிலையத்துக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 2 முதல் 8 விநாடி. ட்ரைபாடில் ஏற்றியதும் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள், சில பழைய லென்ஸ்கள் இல்லாத அதிர்வைத் தேடித் தாமே ஆடும். அந்தச் சாலையில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவர் கண் எப்போதும் சாலைமேல் இருக்கட்டும். ட்ரோன் எண்ணமே வேண்டாம், விமான நிலையம் அருகில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

ஞாயிறு 7.30க்கு மறுபடி நிலையம். இப்போது வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும். ஏ. பி. ஹப்பாக் வடிவமைத்து 1917இல் முடிந்த கட்டடம், ஊர்க்காரர்கள் ஈப்போவின் தாஜ்மஹால் என்பார்கள். அருகில் நின்று அகலக்கோண லென்ஸை மேலே சாய்த்தால் குவிமாடங்கள் பின்னால் விழுகிற மாதிரி வரும். நிலையத்தின் முன்னால் உள்ள சதுக்கத்தைத் தாண்டிப் பின்னே போங்கள், கேமராவை மட்டமாகப் பிடியுங்கள், கீழே வரும் வெற்றுத் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். வாசலில் நிற்கும் ஈப்போ மரத்தைத் தவறவிடாதீர்கள். நகரத்துக்குப் பெயர் தந்தது அது. அதன் பாலைத்தான் பூர்வகுடிகள் ஊதுகுழல் அம்புக்கு நஞ்சாகப் பூசினார்கள். ரப்பர்ப் பால் பார்த்தே வளர்ந்த நம்மவர்களுக்கு இந்தப் பால் வேறு ரகம்.

அங்கிருந்து சுவரோவியங்களுக்கு நடக்கலாம். லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸக்காரெவிச் 2014இல் வரைந்தவை. வெயிலும் மழையும் தின்றுகொண்டிருக்கின்றன, சில மங்கிவிட்டன. கோப்பி குடிக்கும் முதியவர் இருப்பது துன் சம்பந்தன் சாலையில். நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், சுங்கை சிப்புட்டுக்காரர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஓவியம் ஒரு கட்டடத்தின் உயரம் இருக்கும். அதன் அடியில் போய் நின்றால் ஆளும் தெரியாது, ஓவியமும் முழுதாக வராது. எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து 50 மில்லியில் எடுங்கள், 9 மணிக்கு முன் எடுங்கள், அதன் பிறகு சுவரோரம் கார்கள் நின்றுவிடும். திடலுக்கு அருகே 1908இல் கட்டப்பட்ட இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் சிறியது, நேர்த்தியானது. பெரும்பாலானோர் எட்டிப் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள்.

10 மணிக்குப் பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகை. நகரிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கியது. சென்னையிலிருந்து நம்மவர்களை வரவழைத்து, செங்கல்லும் இந்தியாவிலிருந்து தருவித்துக் கட்டினார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார், வேலை அப்படியே நின்றது. வேலையாட்களிடையே காய்ச்சல் பரவி உயிர்கள் போனபோது அவர்கள் கேட்டுக்கொண்டபடி மாரியம்மன் கோயிலும் எழுந்தது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் அந்தக் கோயிலின் கூரைச் சிலைகளுக்கு நடுவே கெல்லி துரையின் உருவமும் நிற்கிறது. மாளிகையில் ஒரு மணி நேரம் செலவழிப்பவர்கள் கோயிலுக்குப் பத்து நிமிடமாவது கொடுக்கலாம். அந்தச் சிலைக்கு 200 மில்லி லென்ஸ் தேவைப்படும்.

மாளிகைக்குள் சன்னல் வளைவில் ஒருவரை நிறுத்தி எடுப்பதுதான் எல்லாரும் எடுக்கிற படம், நன்றாகவும் வரும். சன்னலுக்கு நேரே நிறுத்தாமல் ஓர் அடி உள்ளே தள்ளிப் பக்கவாட்டாகத் திருப்புங்கள். செங்கல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தைச் சிவப்பாக்கும், வெள்ளைக் கைக்குட்டையை மறுபக்கம் பிடித்தால் தணியும். மாடி விளிம்பில் உட்கார்ந்து படம் வேண்டாம்.

இந்த ஒன்றரை நாளில் சண்டை வரும் இடமும் தெரிந்ததுதான். ‘என்னங்க, இன்னும் எத்தன படம்?’ ஓர் இடத்துக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டு, அடுத்த இடத்தில் கேமரா மற்றவர் கைக்குப் போகட்டும். எடுப்பவரே எடுத்துக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வரும்போது ஒருவருடைய படம் 400, மற்றவருடையது 4.

திரும்பும் வழியில் புந்தோங். கச்சாங் பூத்தே கடைகளில் முறுக்கும் கடலையும் வாங்கிக்கொண்டு மழைக்கு முன் செமோர் தாண்டிவிடலாம். பொட்டலத்தைக் கேமராப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள், மிளகாய்த்தூளும் எண்ணெயும் லென்ஸ் வளையத்துக்குள் போனால் கரகரக்கும்.

வீடு வந்ததும் ஈரப்பையை அலமாரியில் பூட்டி வைப்பதுதான் கடைசித் தவறு. நம் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கச் சில வாரம் போதும், பிடித்தால் துடைத்து எடுக்க முடியாது. கேமராவை இரவு முழுக்க விசிறிக்காற்றில் வையுங்கள். பிறகு இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் 200 கிராமும் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றும் போட்டு மூடுங்கள். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லை வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து, நன்றாக ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம்.